சமம் என்பதை முடிவு செய்வது யார்? நிரல்பெயர்ப்பு நேரச் சர ஒப்பீடும் தமிழ்ப் பாட ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டு எழுத்துச் சரங்கள் ஒன்றா, வேறா என்னும் வினாவைக் கணினி நிரல் எப்போது, எந்த விதியின்படி முடிவு செய்கிறது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், ஸ்விஃப்ட் ஆகிய நிரல்மொழிகள் இவ்வினாவுக்கு ஒரே விடையைத் தருவதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் தமிழ்ச் சொல் கணினிக்கு இரண்டாகலாம். கண்ணுக்கு இரண்டாகத் தோன்றுவது கணினிக்கு ஒன்றாகலாம். சொல்லடைவு, தொடரடைவு, யாப்பாய்வு, ஒப்புமைச் சோதனை ஆகியவற்றின் எண்கள் யாவும் இந்தச் சம விதியைச் சார்ந்தே நிற்கின்றன. எனவே சம விதியை வகுக்கும் பொறுப்பு தமிழாய்வாளருடையது என்பதும், அவ்விதியை ஆய்வு தொடங்குமுன் அறிவித்து, நிரல்பெயர்ப்பு நேரத்திலேயே சோதித்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சர நிலையுரு, நிரல்பெயர்ப்பி, ஒருங்குறி, இயல்பாக்கம், போலி, பாடவேறுபாடு, சொல்லடைவு.

முன்னுரை

இன்று தமிழில் அளிக்கப்பெறும் ஆய்வேடுகள் பலவற்றில் எண்ணிக்கை சார்ந்த கூற்றுகள் இடம்பெறுகின்றன. ‘இச்சொல் இந்நூலில் இத்தனை இடங்களில் பயில்கிறது’, ‘இத்தொடர் இப்புலவரிடத்து மட்டுமே காணப்படுகிறது’, ‘இவ்வழக்கு அக்கால நூல்களில் இல்லை’ என்பன போன்ற முடிவுகளை ஆய்வாளர்கள் தேடுபொறிகளையும் சிறு நிரல்களையும் கொண்டு எய்துகின்றனர். முன்னைய சொல்லடைவுகள் நூலைப் படித்து, சொல்லை அட்டையில் எழுதி, அட்டைகளை அகரநிரலில் அடுக்கி உருவாக்கப்பட்டவை. ஓரிடத்துச் சொல்லும் பிறிதோரிடத்துச் சொல்லும் ஒன்றே என்னும் முடிவை அங்கு எடுத்தவர் அட்டையை எழுதிய அறிஞர். இன்று அம்முடிவை நிரல் எடுக்கிறது. அந்த நிரல் எவ்விதியைப் பின்பற்றி முடிவெடுத்தது என்பதை ஆய்வேட்டின் ‘ஆய்வு அணுகுமுறை’ப் பகுதியில் எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

இது கணினித் துறையினரின் சிக்கல், நமக்கு இதில் வேலையில்லை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ‘இல்லை’ என்னும் முடிவே இலக்கிய ஆய்வில் மிகவும் எடையுடையது. ஒரு சொல் ஒரு நூலில் இல்லை என்பதைக் கொண்டு காலம் கணிக்கிறோம், இடைச்செருகலை ஐயுறுகிறோம், ஆசிரியர் ஒருவரா, இருவரா என்று வாதிடுகிறோம். அந்த ‘இல்லை’ நூலின் இயல்பால் வந்ததா, ஒப்பிட்ட முறையால் வந்ததா என்று பிரித்தறிய இயலாத நிலையில் வாதம் முழுவதும் ஆட்டங்காண்கிறது. ஆகவே ஒப்பீடு எங்கே நிகழ்கிறது என்பதிலிருந்தே தொடங்குதல் தகும். கலைச்சொற்களைப் பொறுத்தவரை, தமிழ்வழிக் கணினிப் பாடநூல்களில் வழங்கும் சர நிலையுரு, நிரல்பெயர்ப்பி, குறிப்பெயர் என்னும் சொற்களே இங்கும் ஆளப்பெறுகின்றன.

1. சர நிலையுருவும் ஒப்பிடும் காலமும்

நிரலாளர் தம் நிரலுக்குள் மேற்கோட்குறிகளுக்கு இடையே நேரடியாக எழுதி வைக்கும் எழுத்துத் தொடரே சர நிலையுரு ஆகும். நிரலை எந்திரம் இயக்கத்தக்க வடிவிற்கு மாற்றுவது நிரல்பெயர்ப்பி. கம்பைலர் என்று வழங்குவதும் இதுவே. மாற்றம் நிகழும் காலம் நிரல்பெயர்ப்பு நேரம். மாற்றப்பட்ட நிரல் தரவுகளைப் படித்து வேலை செய்யும் காலம் இயக்க நேரம். இவ்வேறுபாட்டை அச்சுத்தொழிலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நிரல்பெயர்ப்பு நேரத்தில் பிழை பிடிபடுவது மெய்ப்புப் பார்க்கையில் பிழை பிடிபடுவதைப் போன்றது. நூல் வெளிவராது, திருத்திய பின்னரே அச்சேறும். இயக்க நேரத்தில் பிழை வெளிப்படுவது நூல் வாசகர் கைக்குச் சென்றபின் பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டுவதைப் போன்றது.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் சரத்துக்கெனத் தனித்த தரவினம் இல்லை. சர நிலையுரு என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட பைட்டுகளின் வரிசை. இறுதியில் ஒரு சுழி நின்று முடிவைக் குறிக்கும். இம்மொழியில் இரு சர நிலையுருக்களுக்கு இடையே சமக்குறியை இட்டால் ஒப்பிடப்படுவது உள்ளடக்கமன்று. அவை இருக்கும் நினைவக முகவரியே. இரு வீடுகளில் வாழ்பவர் ஒருவர்தாமா என அறிய ஆளைப் பாராமல் கதவிலக்கத்தை ஒப்பிடுவதற்கு இது நிகர். உள்ளடக்கம் ஒன்றாயிருக்கும் இரண்டு நிலையுருக்களை நிரல்பெயர்ப்பி ஒரே இடத்தில் வைக்கலாம். தனித்தனியே வைக்கவும் செய்யலாம். எதைச் செய்ய வேண்டுமென மொழியின் நியமம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே ஒரே நிரல் ஒரு நிரல்பெயர்ப்பியில் ‘ஆம்’ என்றும், மற்றொன்றில் ‘இல்லை’ என்றும் விடையளிக்கக்கூடும். உள்ளடக்கத்தை ஒப்பிட வேண்டுமாயின் அதற்கெனவுள்ள செயற்கூற்றை அழைத்தல் வேண்டும்.

சியின் வழித்தோன்றலான சி பிளஸ் பிளஸ் இக்குறையைப் படிப்படியாகக் களைந்தது. 2011ஆம் ஆண்டு நியமம் சில கணிப்புகளை நிரல்பெயர்ப்பு நேரத்திலேயே செய்து முடிக்கும் வசதியையும், ‘ஸ்டேட்டிக் அசெர்ட்’ என்னும் உறுதிக்கூற்றையும் கொணர்ந்தது. அந்த உறுதிக்கூற்று பொய்யானால் நிரல் பெயர்க்கப்படாது. நிரலாளர் தாமே எழுதிய பிழைச்செய்தி திரையில் தோன்றும். 2014ஆம் ஆண்டு நியமம் அத்தகைய கணிப்புகளில் மடக்குகளையும் அனுமதித்தது. எனவே இரு சரங்களை ஒவ்வோர் அலகாக ஒப்பிடும் செயற்கூற்றை இயல்பான நடையில் எழுத முடிந்தது. 2017ஆம் ஆண்டு நியமம் அறிமுகப்படுத்திய ‘ஸ்ட்ரிங் வியூ’ என்னும் வகை, சர நிலையுருக்களின் உள்ளடக்கத்தை நிரல்பெயர்ப்பு நேரத்திலேயே நேரடியாக ஒப்பிட வழிசெய்தது. அணிகளைச் சமக்குறியிட்டு ஒப்பிடும் பழைய வழக்கத்தை 2020ஆம் ஆண்டு நியமம் தவிர்க்கத்தக்கதென அறிவித்தது. முகவரியை ஒப்பிடுவதிலிருந்து உள்ளடக்கத்தை ஒப்பிடுவதற்கு வந்து சேர அம்மொழிக்கு இத்துணைக் காலம் தேவைப்பட்டது.

ஜாவா வேறொரு வழியை மேற்கொண்டது. அதன்கண் உள்ளடக்கம் ஒன்றாயுள்ள சர நிலையுருக்கள் யாவும் ஒரே பொருளையே சுட்டுதல் வேண்டும் என்பது மொழி வரையறை. ஆதலின் நிலையுருக்களைச் சமக்குறியிட்டு ஒப்பிட்டால் ‘ஆம்’ என்னும் சரியான விடை கிடைக்கும். ஆனால் கோப்பிலிருந்து இயக்க நேரத்தில் படிக்கப்பட்ட சரத்தோடு அவ்வாறே ஒப்பிட்டால் உள்ளடக்கம் ஒன்றாயிருந்தும் ‘இல்லை’ என்னும் விடை வரும். சோதித்துப் பார்க்கும்போது சரியாகவும், நூலை ஏற்றி ஆய்வு செய்யும்போது தவறாகவும் அமையும் இத்தகைய நிரலை நம்பி எடுக்கப்படும் எண்ணிக்கைக்கு எம்மதிப்பும் இல்லை.

2. கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு

மேற்கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரிய சிக்கல் உள்ளடக்கத்தை ஒப்பிடத் தொடங்கும்போதுதான் எழுகிறது. ‘கொ’ என்னும் உயிர்மெய்யை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக்குறி முழுவதையும் ஒரே குறியெண்ணாக இடுவது ஒருவகை. ககரத்தை அடுத்து ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொரு வகை. முன்னதில் குறியெண்கள் இரண்டு, பின்னதில் மூன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் முன்னது 6 பைட்டுகள், பின்னது 9 பைட்டுகள். திரையிலும் அச்சிலும் இரண்டும் வேறுபாடின்றி ‘கொ’ என்றே தோன்றும். பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கோ இவை நீளத்திலேயே வேறுபட்ட இரண்டு சரங்கள்.

ஒருங்குறி நியமம் இவ்விரு வடிவங்களையும் முற்றிலும் நிகரானவை என வரையறுக்கிறது. நிகரான வடிவங்களை ஒரே வடிவிற்குக் கொணரும் செயல் இயல்பாக்கம் எனப்படும். ஆனால் இயல்பாக்கத்தைத் தானே செய்வதா, நிரலாளர் பொறுப்பில் விடுவதா என்பதை ஒவ்வொரு நிரல்மொழியும் தன் விருப்பம்போல் முடிவு செய்துள்ளது.

ஜாவா 2011இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலிருந்து சர நிலையுருக்களைத் தெரிவுக்கூற்றின் கிளைப்பெயர்களாக ஏற்கிறது. ஒரே கிளைப்பெயர் இருமுறை வந்தால் நிரல்பெயர்ப்பு நேரத்திலேயே பிழையெனத் தடுக்கும். ஆயினும் ‘கொடி’ என்பதை இருவகைக் குறியெண் வரிசையில் இரு கிளைகளுக்கு இட்டால் அதனை ஏற்றுக்கொள்ளும். நிரலைக் கண்ணால் படிப்பவருக்கு ஒரே கிளை இருமுறை எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றும். நிரல்பெயர்ப்பிக்கு அவை இருவேறு கிளைகள்.

பைத்தானின் நிலை இன்னும் நோக்கத்தக்கது. அதன் மூன்றாம் பதிப்பு தமிழ் எழுத்துகளில் குறிப்பெயர் அமைக்க இடமளிக்கிறது; குறிப்பெயர்களை நிரலைப் பகுக்கும் போதே இயல்பாக்கியும் கொள்கிறது. எனவே ‘கொடி’ என மாறி ஒன்றுக்குப் பெயரிட்டு, எவ்வடிவில் எழுதி அழைத்தாலும் அதே மாறியே வரும். ஆனால் மேற்கோட்குறிக்குள் அமைந்த ‘கொடி’யை அது தொடுவதில்லை. பெயராக நின்றால் ஒன்றாகவும், சரமாக நின்றால் இரண்டாகவும் ஒரே சொல் ஒரே நிரலுக்குள் நடத்தப்படுகிறது. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2023ஆம் ஆண்டு நியமமும் குறிப்பெயர்கள் இயல்பாக்கிய வடிவில் இருத்தல் வேண்டுமென்கிறது. சர நிலையுருக்களுக்கு அக்கட்டாயம் இல்லை. 2014இல் அறிமுகமான ஸ்விஃப்ட் மட்டும் சரங்களின் சமத்தையே ஒருங்குறி நிகர்மையைக் கொண்டு வரையறுத்தது. அதில் இருவகைக் ‘கொ’வும் சமம்.

இம்மொழிகளுள் எதுவும் தவறு செய்யவில்லை என்பது கருதத்தக்கது. பைட்டுகள் ஒன்றா என வினவினால் ‘இல்லை’ என்பதே மெய். எழுத்து ஒன்றா என வினவினால் ‘ஆம்’ என்பதே மெய். வினாவை வரையறுக்காமல் விடையை மட்டும் பெற்றுக்கொள்வதே பிழை.

ஒப்பீட்டின் அலகு எது என்னும் வினாவும் இதனோடு இணைந்தது. ‘அம்மா’ என்பது இலக்கண நோக்கில் மூன்றெழுத்து. குறியெண் நோக்கில் ஐந்து. பைட்டு நோக்கில் பதினைந்து. இலக்கணத்தில் ககரமெய் அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியிலோ அகரமேறிய ககரமே அடிப்படை; அதனோடு புள்ளி சேர்ந்து மெய் பிறக்கிறது. எதுகையைத் தேடும் நிரலொன்று ‘இரண்டாம் எழுத்து’ என்று கொண்டு இரண்டாம் குறியெண்ணை எடுக்குமாயின், ‘கொற்றம்’ என்னும் சீரில் அதற்குக் கிடைப்பது றகர ஒற்றன்று, ஒகரக்குறி. பிரிந்த வடிவில் எழுதப்பட்டிருப்பின் கிடைப்பது வெறும் கொம்பு. அத்தகைய நிரல் தரும் எதுகைப் பட்டியல் யாப்பாய்வுக்குப் பயன்படாது.

3. இயல்பாக்கம் தீர்ப்பதும் தீர்க்காததும்

‘இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது’ என்று கருதுவோர் உளர். அது பாதியளவே உண்மை. தமிழ்ப் பகுதியில் ஒருங்குறி நிகர்மை உடைய கூட்டுக் குறியெண்கள் நான்கே: ஔகார உயிரெழுத்து, ஒகரக்குறி, ஓகாரக்குறி, ஔகாரக்குறி. இந்நான்கையும் ஒழுங்குபடுத்தச் சில வரிகளில் செயற்கூறு எழுதிவிடலாம். அதற்கு அப்பால் எஞ்சுவனவே பெரிது.

‘கௌரவம்’ என்னும் சொல்லைத் தட்டச்சு செய்வோர் பலர் ஔகாரக்குறிக்கு மாற்றாகக் கொம்பும் ளகரமும் இட்டு ‘கெளரவம்’ என எழுதுகின்றனர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ஆனால் ஒருங்குறி இவற்றை நிகரெனக் கொள்வதில்லை. இரண்டாவது ககர எகரத்தை அடுத்து ளகரம் நிற்கும் வேறு சொல். இயல்பாக்கம் இதனைத் தீண்டாது. அவ்வாறாயின் கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமா எனில், அதுவும் கூடாது. வட்டார வழக்குப் புனைகதைகளில் ‘கிளம்பு’ என்பது ‘கெளம்பு’ எனவும், ‘விளக்கு’ என்பது ‘வெளக்கு’ எனவும் வருகின்றன. அங்கு நிற்பது உண்மையான ளகரம். கண்மூடி மாற்றினால் நிரல் வட்டார வழக்கை அழித்துவிடும். மாற்றாது விட்டால் ‘கௌரவ’த்தைத் தவறவிடும். எச்சொல்லில் எது என்பதைச் சொல்லத்தக்கவர் மொழியறிந்தவரே. நிரல்பெயர்ப்பியும் ஒருங்குறி அவையமும் இதனைச் சொல்ல இயலாது.

‘ஸ்ரீ’ என்பதற்கும் இருவகைக் குறியெண் வரிசைகள் வழக்கிலுள்ளன. 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் தாலவிய சகரத்துக்குத் தனிக் குறியெண் வந்தபின் அதனைக் கொண்டு எழுதுவது ஒன்று. அதற்கு முன்பே வழங்கிவந்த, ஸகரத்தைக் கொண்டு எழுதுவது மற்றொன்று. இவையும் நிகரென வரையறுக்கப்படவில்லை. கல்வெட்டுப் பாடங்களிலும் மணிப்பிரவாள உரைகளிலும் தேடுவோர் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும். தமிழ் எண்ணுருக்களுள் ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு ஆகியன முறையே க, உ, எ, அ என்னும் எழுத்துகளைப் போன்றே தோன்றுவதால், எண்ணை எழுத்தாகவோ எழுத்தை எண்ணாகவோ உள்ளிடுவதும் நேர்கிறது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சு நூல்களில் ணை, லை, றா, னா முதலியன வேறு உருவில் இருந்தன. ஒருங்குறியில் பழைய உருவுக்கும் புதிய உருவுக்கும் குறியெண் ஒன்றே. வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது. அச்சு வரலாற்றை ஆய்பவருக்கு முதன்மையான இவ்வேறுபாடு எந்த நிரலின் ஒப்பீட்டிலும் தென்படாது. இங்குக் கண்ணுக்கு இரண்டு, பொறிக்கு ஒன்று.

4. பதிப்பு மரபும் சம விதியும்

சமம் எது என்னும் வினா தமிழ்ப் புலமை மரபுக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுத்தப்படவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் உருவ வேறுபாடு இல்லை. அதாவது ஒரே வரிவடிவச் சரம் பல சொற்களாகப் படிக்க இடந்தந்தது. இன்றைய ஒருங்குறியில் ஒரே சொல் பல சரங்களாக எழுத இடந்தருகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்த ஒரே சிக்கல்.

சுவடியை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் இச்சிக்கலை வாசகர் தலையில் சுமத்தவில்லை. எது ஒரே பாடத்தின் எழுத்து வேறுபாடு, எது உண்மையான பாடவேறுபாடு என்பதை அச்சுக்கு முன்பே முடிவு செய்தனர். பின்னதை அடிக்குறிப்பில் காட்டினர். எந்தெந்தச் சுவடிகளைக் கொண்டு பதிப்பித்தனர் என்பதை முகவுரையில் அறிவித்தனர். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் பயின்றோர் இதனை நன்கறிவர். நிரல்மொழியின் சொற்களில் கூறுவதாயின், அவர்கள் சம விதியை இயக்க நேரத்துக்கு விட்டுவைக்கவில்லை. நிரல்பெயர்ப்பு நேரத்திலேயே தீர்த்தனர்.

இலக்கண மரபும் சமத்துக்கெனத் தனிக்கோட்பாடு உடையது. அறம், அறன், பந்தல், பந்தர், அமச்சு, அமைச்சு என எழுத்து வேறாகியும் சொல் வேறாகாதவற்றை நம் இலக்கணங்கள் போலி என வகைப்படுத்தின. ஐகார ஔகாரங்களுக்கு அய், அவ் எனவரும் மாற்று வடிவங்களும் இலக்கணிகளால் ஆராயப்பட்டனவே. ‘இவ்விடத்தில், இவ்வெழுத்துகளுக்கு முன்னர், இது அதற்குச் சமம்’ என இடமும் எல்லையும் சுட்டி விதி கூறும் முறை அவர்களுடையது. இடவரையறையுடன் அமைந்த இத்தகைய விதிகளே நிரலாக்கத்தக்க விதிகள். சம விதியை வகுக்கும் தகுதி தமிழ்த்துறைக்கு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

5. முன்மொழிவு

இவற்றின் அடிப்படையில், பாட ஒப்பீட்டில் சமத்தை நான்கு நிலைகளாகப் பகுத்துக்கொள்ளலாம் என இக்கட்டுரை கருதுகிறது.

முதலாவது, பைட்டுச் சமம்: குறியெண் வரிசை எவ்வித வேறுபாடுமின்றி ஒன்றாயிருத்தல். இரண்டாவது, குறியீட்டுச் சமம்: ஒருங்குறி நிகர்மையின்படி ஒன்றாதல். இருவகைக் ‘கொ’ இதில் அடங்கும். மூன்றாவது, வரிவடிவச் சமம்: உள்ளீட்டு வழக்கால் வேறுபட்டும் எழுதியவர் கருதிய எழுத்து ஒன்றாயிருத்தல். ‘கௌரவம்’, ‘ஸ்ரீ’, எண்ணுருக்கள் ஆகியன இதன்பாற்படும். நான்காவது, இலக்கணச் சமம்: போலி, புணர்ச்சி முதலியவற்றால் வேறுபட்டும் சொல் ஒன்றாயிருத்தல்.

எண்ணிக்கை சார்ந்த ஒவ்வோர் ஆய்வும் தன் ஒப்பீடு எந்நிலை வரை செல்கிறது என்பதை அணுகுமுறைப் பகுதியில் ஒரு பத்தியிலேனும் அறிவித்தல் வேண்டும். எல்லா ஆய்வுக்கும் ஒரே நிலை பொருந்தாது. நடையியல் ஆய்வுக்கு ‘அறம்’, ‘அறன்’ வேறுபாடு முதன்மையானது. அங்கு நான்காம் நிலைக்குச் செல்லலாகாது. கருத்தியல் ஆய்வுக்கு அவ்வேறுபாடு தடை. அங்கு நான்காம் நிலை தேவை. தேர்வு ஆய்வாளருடையது, அறிவிப்பு மட்டும் கட்டாயமாதல் நன்று.

அறிவித்த விதியை நிரல் உண்மையிலேயே பின்பற்றுகிறதா என உறுதிசெய்ய நிரல்பெயர்ப்பு நேரச் சர ஒப்பீடு கைகொடுக்கிறது. சமமாக வேண்டிய சொல்லிணைகளையும், சமமாகக் கூடாத சொல்லிணைகளையும் ஆய்வாளர் பட்டியலிடுகிறார். இருவகைக் ‘கொடி’ சமமாக வேண்டும், ‘கெளரவம்’ ‘கௌரவ’த்தோடு சமமாக வேண்டும், ‘கெளம்பு’ ‘கௌம்பு’ என்பதோடு சமமாகக் கூடாது. ஒவ்வோர் இணையும் சர நிலையுருக்களாக நிரலில் எழுதப்பட்டு, ஒப்பீட்டுச் செயற்கூற்றின் வழியே உறுதிக்கூற்றாக அமைக்கப்படுகிறது. பின்னாளில் யாரேனும் செயற்கூற்றைத் திருத்தி, அதனால் ஓரிணை பிறழ்ந்தாலும் நிரல் பெயர்க்கப்படாது. பிழையான எண்ணிக்கை ஆய்வேட்டில் ஏறுவதற்கு முன்பே தடை விழுகிறது. இப்பட்டியலில் நிலையுருக்களை எழுத்தாக இடாமல் குறியெண்களாகவே இடுவது பாதுகாப்பானது. எழுத்தாக இட்டால் எவ்வடிவம் உள்ளே சென்றது என்பதைக் கண் காட்டாது.

இம்முறையின் எல்லையும் கூறப்படல் வேண்டும். நிரலுக்குள் எழுதப்பட்ட நிலையுருக்களை மட்டுமே நிரல்பெயர்ப்பி அறியும். ஆய்வுக்குரிய நூலின் பாடம் இயக்க நேரத்திலேயே படிக்கப்படுகிறது. ஆகவே இது சோதிப்பது விதியையே, பாடத்தையன்று. பாடத்தின் செம்மை பதிப்பாசிரியர் பொறுப்பாகவே நீடிக்கிறது. ஆயினும் விதி சரியென உறுதியான பின் எஞ்சும் பிழை பாடத்தினுடையது என்று பிரித்தறியலாம். அவ்வளவு தெளிவும் இன்று நமக்கில்லை.

6. எதிர்வாதங்கள்

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியெண் தரும் டேஸ்16 முறையைப் பின்பற்றினால் இச்சிக்கலே எழாது என்பது ஒரு வாதம். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற முறை அது. இருவகைக் ‘கொ’ அதில் எழாது என்பதும், எழுத்தெண்ணிக்கை இலக்கணத்தோடு பொருந்தும் என்பதும் உண்மையே. ஆனால் ஆய்வாளர் கைக்கு வரும் பாடங்களும் கருவிகளும் ஒருங்குறியிலேயே உள்ளன. மேலும், கொம்பும் ளகரமும் இட்டு எழுதப்பட்ட ‘கெளரவம்’ அம்முறைக்கு மாற்றப்பட்டாலும் ககர எகரமும் ளகரமுமாகவே மாறும். மூன்றாம், நான்காம் நிலைச் சிக்கல்களைக் குறியேற்றம் எதுவும் தீர்க்காது.

தமிழாய்வாளர் நிரலாளராக வேண்டுமா என்பது இன்னொரு வாதம். வேண்டியதில்லை. பட்டியலை வகுப்பவர் ஆய்வாளர், நிரலாக்குபவர் பிறராகலாம். பாடவேறுபாடு குறிக்கத் தெரிந்தவர் அச்சுக்கோக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை அன்றோ! ஆனால் அச்சுக்கோப்பவரே பாடத்தை முடிவு செய்வதை எவரும் ஏற்றதில்லை.

இது நுணுக்கத்தின்மேல் நுணுக்கம், நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறாது என்பது மூன்றாவது வாதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைக் குற்றமாகக் கொள்வதில்லை; அதற்கு மேற்பட்டால் படிநிலைக்கேற்ற நடவடிக்கை உண்டு. அந்த விழுக்காடு சரங்களை ஒப்பிட்டுப் பெறப்படுவது. எந்நிலைச் சமத்தின்படி ஒப்பிடப்பட்டது என்பதே அவ்வறிக்கையைப் பெறும் ஆய்வாளரும் நெறியாளரும் கேட்க வேண்டிய முதல் வினா. குறியெண் வடிவை மாற்றியமைத்தவர் தப்பவும், நேர்மையாக மேற்கோள் காட்டியவர் அகப்படவும் இடந்தரும் ஒப்பீட்டை நீதியுடையதெனக் கொள்ள இயலாது. ஓர் ஆய்வாளரின் பட்டமே சார்ந்துள்ள விழுக்காட்டை நுணுக்கம் என்று தள்ளுவதும் தகாது.

முடிவுரை

சி மொழி முகவரியை ஒப்பிட்டது. பின்வந்த மொழிகள் உள்ளடக்கத்தை ஒப்பிட்டன. அவற்றுள்ளும் ஒருசிலவே எழுத்தின் நிகர்மையைக் கருத்திற்கொண்டன. சொல்லின் சமத்தை ஒப்பிடும் நிரல்மொழி எதுவும் இல்லை; இருக்கவும் இயலாது. அது மொழிப்புலமையின் பரப்பு. இப்பரப்பில் விதி வகுக்காமல் நாம் ஒதுங்கி நின்றால் அவ்விடம் வெற்றிடமாக இராது. கருவியின் இயல்புநிலை அமைப்பே விதியாகிவிடும். அவ்விதியை வகுத்தவர் தமிழை எண்ணி வகுத்தவராக இருக்க வேண்டியதில்லை.

தமிழ்த்துறைகள் இதன்பொருட்டுப் பெருந்திட்டம் எதனையும் தொடங்க வேண்டியதில்லை. சமமாக வேண்டியவை, சமமாகக் கூடாதவை என்னும் இரு தலைப்புகளில் சில நூறு சொல்லிணைகள் கொண்ட பொதுப்பட்டியலைத் துறைதோறும் உருவாக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்டால் போதும். போலியும் புணர்ச்சியும் பாடவேறுபாடும் கற்பிக்கும் முதுகலை வகுப்பில் அப்பட்டியலை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். எண்ணிக்கை தரும் ஆய்வேட்டை மதிப்பிடுவோர் ‘எத்தனை’ என்று கேட்குமுன் ‘எது எதற்குச் சமம் எனக் கொண்டீர்’ என்று கேட்கத் தொடங்குவாராயின் மாற்றம் தானே நிகழும்.